கழுத்து ஸ்கேன் இதயத்தைப் பற்றி என்ன சொல்லும்?

சேலத்தில் ஸ்கேன் பார்க்கும் மருத்துவர் நான். கழுத்து ரத்தக்குழாய் ஸ்கேன் (கரோட்டிட் டாப்ளர்) பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

அம்மாபேட்டை, தறி ஓட்டுபவர், 46 வயது: முகாம்ல கழுத்துல ஸ்கேன் பார்த்தாங்க. ஐ.எம்.டி. 0.9 மி.மீ., கூடுதல்னு எழுதியிருக்கு. ஹார்ட் அட்டாக் வருமாங்க டாக்டர்?

இந்த ஒரு எண்ணை வைத்து அப்படிச் சொல்ல முடியாதுங்க. ஐ.எம்.டி. என்பது ரத்தக்குழாய்ச் சுவரின் உள் இரண்டு அடுக்குகளின் தடிமன். 1986இல் இத்தாலிய மருத்துவர்கள் இதை அல்ட்ராசவுண்டில் அளந்து காட்டியபோது பெரிய நம்பிக்கை பிறந்தது. 2010இல் அமெரிக்க இதய அமைப்புகளின் வழிகாட்டுதல், இதய நோய் வரும் ஆபத்து நடுத்தரமாக உள்ளவர்களுக்கு அளந்து பார்க்கலாம் என்றது. 2013இல் அதே அமைப்புகள், வழக்கமான சோதனையாக இது வேண்டாம் என்று மாற்றிக்கொண்டன. வயது, பிபி, சர்க்கரை, கொலஸ்ட்ரால், புகைப்பழக்கம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகு, தடிமன் புதிதாகச் சொல்வது மிகக் கொஞ்சம் என்பதே காரணம். வயது ஏறினாலே சுவர் தடிக்கும். கழுத்தில் வைக்கும் ஸ்கேன் கருவியைச் (புரோப்) சற்றுச் சாய்த்துப் பிடித்தாலும் அளவு மாறும்.

பிபி, சர்க்கரை எவ்வளவு என்று நீங்கள் எழுதவே இல்லையே? இந்த வாரமே ரெண்டையும் பாருங்க, கூடவே கொலஸ்ட்ராலும். எனக்குக் கவலை அங்கேதான்.

ஏற்காடு நாகலூர், காபித் தோட்டம்: அப்பாவுக்கு 61. 'பிளேக் 1.8 மி.மீ., அடைப்பு 30 சதவீதம்'னு ரிப்போர்ட். ஆபரேஷன் வேணுமா?

வேண்டாம். ஆனால் இந்த ரிப்போர்ட்டை அலமாரியில் வைத்துவிடாதீர்கள். தடிமன் வேறு, பிளேக் வேறு. சுவர் 1.5 மி.மீ.க்கு மேல் ஓரிடத்தில் மட்டும் தடித்து உள்ளே துருத்தினால் அதைப் பிளேக் என்கிறோம். அது கழுத்தில் இருந்தால் இதயக் குழாய்களிலும் இருக்க வாய்ப்பு அதிகம். 30 சதவீதத்துக்குக் கத்தி வைப்பதில்லை. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை, பிபி கட்டுப்பாடு, பீடி இருந்தால் இன்றோடு நிறுத்துவது, இவைதான் வைத்தியம். எந்த மாத்திரை, எவ்வளவு என்பதை இதய மருத்துவர் முடிவு செய்யட்டும்.

இன்னொன்று. வாய் கோணினாலோ, ஒரு பக்கம் கை கால் விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ, அது பக்கவாதமாக இருக்கலாம்; விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். மூளைக் குழாயை அடைக்கும் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கும் நேரமும் அதில்தான் அடங்குகிறது.

செவ்வாய்ப்பேட்டை, கொலுசுப் பட்டறை: ஸ்கேன் நார்மல். கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திடலாமா?

கூடாது. கழுத்து சுத்தமாக இருந்தும் இதயக் குழாயில் அடைப்பு உள்ளவர்கள் உண்டு.

சூரமங்கலம், 34 வயது: அப்பாவுக்கு 48லயே அட்டாக் வந்துச்சு. நான் ஸ்கேன் எடுக்கணுமா அக்கா?

தம்பி, அப்பாவுக்கு 55க்கு முன்னால் வந்ததே உனக்குப் பெரிய எச்சரிக்கை. அதைச் சொல்ல ஸ்கேன் தேவையில்லை. பிபி, மூணு மாச சர்க்கரை, கொலஸ்ட்ரால், வாழ்நாளில் ஒரு தடவை லிப்போபுரோட்டீன் (ஏ) என்ற, பரம்பரையாக வரும் கொழுப்பு வகைக்கான ரத்தப் பரிசோதனை, இவ்வளவும் முதலில். மாத்திரை தொடங்கலாமா என்று மருத்துவர் யோசிக்கும் கட்டத்தில் ஸ்கேன் உதவலாம்.

அஸ்தம்பட்டி: வருஷா வருஷம் எடுத்துப் பார்க்கலாமா?

தடிமனுக்காக வேண்டாம். ஒரு வருடத்தில் கூடுவது, அளப்பதில் வரும் பிழையைவிடக் குறைவு.

ஐந்து ரோடு, டீச்சர்: அப்போ இந்த ஸ்கேனால பிரயோஜனமே இல்லையா மேடம்?

இருக்கிறது டீச்சர். சுவீடனில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த ஸ்கேன் எடுத்தார்கள். பாதிப் பேருக்கும் அவர்கள் மருத்துவர்களுக்கும் மட்டும் படத்தை விளக்கத்தோடு அனுப்பினார்கள். ஒரு வருடம் கழித்து, இதய நோய் வரும் ஆபத்தைக் கணித்தபோது, அவர்களுக்கு அது மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு அது. அதனால் பிளேக் தெரிந்தால் நான் திரையைத் திருப்பி அவர்களுக்கே காட்டுவேன். "இதுங்களா அது?" என்று கேட்டுவிட்டுச் சிலர் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அந்த நேரத்தில் நான் அவசரப்படுத்துவதில்லை.