நிலக்காட்சியும் எடிட்டிங்கும் – கடிதம்

வணக்கம்.

இரண்டு வருடமாக நிலக்காட்சிப் படங்கள் எடுத்து வருகிறேன். விடுமுறை கிடைத்தால் மலை, ஏரி, கடற்கரை என்று கிளம்பிவிடுவேன். கேமரா ஓரளவு பிடிபட்டுவிட்டது. ஆனால் திரும்பி வந்து கணினியில் திறந்தால் படத்தில் உயிரே இல்லை. ப்ரீசெட் (முன்பே அமைத்துவைத்த எடிட்டிங் மாற்றங்கள்) போட்டால் வண்ணம் வருகிறது. ஆனால் அது வேறு யாரோ எடுத்த படம்போல ஆகிவிடுகிறது. எடிட்டிங்கை ஒழுங்காகக் கற்றுக்கொள் என்கிறார்கள் சிலர். மேதைகளின் படங்களைப் பார்க்காதே, காப்பியடிக்கத்தான் தோன்றும் என்கிறார் ஒரு நண்பர். நான் எங்கிருந்து தொடங்குவது? இன்னும் அகலமான லென்ஸ் வாங்கினால் பலன் இருக்குமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் சிக்கல் எடிட்டிங்கில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இந்தக் காட்சியில் எது ஒளிர வேண்டும், எது இருளில் போக வேண்டும் என்பதைக் களத்திலேயே முடிவு செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் திரும்பிவிட்டு, திரையின் முன் உட்கார்ந்து தேடுகிறீர்கள். நீங்கள் எடுக்காத முடிவை ப்ரீசெட் எடுத்துவிடுகிறது.

அமெரிக்க நிலக்காட்சிப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் 1927 ஏப்ரலில் கலிபோர்னியாவின் யோசமிட்டியில் ஹாஃப் டோம் என்ற பாறையைக் கறுப்பு-வெள்ளையில் படம் எடுத்த கதையைச் சொல்கிறேன். முதலில் மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்தார். எடுத்த கையோடு, பாறையின் முன் நின்றபோது தனக்குள் எழுந்த உணர்வு இதில் வராது, வானம் வெளிறித்தான் விழும் என்று அவருக்குப் பட்டது. படம் பதிய மிச்சம் இருந்தது ஒரே ஒரு கண்ணாடித் தட்டு. அதற்கு அடர்சிவப்பு ஃபில்டரை மாட்டினார். சிவப்பு ஃபில்டர் நீல ஒளியைத் தடுத்துவிடும்; வானம் ஏறக்குறையக் கறுப்பானது, பாறை முன்னால் எழுந்து நின்றது. தாளில் அச்சாகும் பிரதி எப்படி வர வேண்டும் என்பதை ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே அவர் பார்த்துவிட்டார். நீங்கள் பழக வேண்டியது இதைத்தான்.

அதற்காக இருட்டறையில் பிரதி எடுக்கும் வேலையை அவர் குறைவாக மதித்தார் என்று நினைக்க வேண்டாம். நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸில் 1941இல் எடுத்த நிலவுப் படத்தைப் பல வருடங்கள் திரும்பத் திரும்பப் பிரதி எடுத்தார். ஆரம்பகாலப் பிரதிகளில் வானம் சாம்பலாக, மேகத் தடங்களோடு இருக்கிறது; பிற்காலப் பிரதிகளில் கறுத்துவிட்டது. பியானோ பயின்றவர் அவர். நெகட்டிவை இசைக்குறிப்புக்கும் பிரதியை வாசிப்புக்கும் ஒப்பிட்டுச் சொன்னார். எடிட்டிங்கை ஏமாற்று வேலை என்று யாராவது சொன்னால், இந்தப் பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

சரி, களத்தில் என்ன செய்வது? புதுப்புது இடங்களாக ஓடுவதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். எளிதில் போய்வரக்கூடிய ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு, விடியலில், மேகமூட்டத்தில், மழை விட்ட பிறகு என்று போய்ப் பாருங்கள். பக்கவாட்டு ஒளியில் பாறையின் சொரசொரப்பு தெரியும். அதே பாறை உச்சிவெயிலில் தட்டையாகக் கிடக்கும். அருவிக்கும் காட்டுக்கும் மேகமூட்டம்தான் நல்லது, ஒளிக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாடு அப்போது அடங்கிவிடும்.

எந்த மென்பொருளாலும் பின்னால் சரிசெய்ய முடியாதவை சில உண்டு. களத்தில் கவனம் முழுக்க அவற்றின் மேல் இருக்கட்டும். முதலாவது, நிற்கும் இடம். அரையடி நகர்ந்தால் முன்பாறையும் பின்மலையும் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிந்து நிற்கும். அடுத்தது பளபளப்பு. ஈர இலைமேல் வானம் பிரதிபலித்தால் பச்சை வெளுத்துவிடும். லென்ஸின் முன் மாட்டும் போலரைசர் ஃபில்டரைச் சுழற்றினால் பச்சை திரும்பி வரும். அந்த வேலையை எந்த எடிட்டிங் ஸ்லைடரும் செய்யாது. (நீல வானத்தில் போலரைசர் சூரியனுக்கு 90 டிகிரி பக்கத்தில்தான் அதிகம் வேலை செய்யும். அதனால் அகல லென்ஸில் வானம் ஒரு பக்கம் மட்டும் கறுத்து அசிங்கமாகிவிடும்.) அப்புறம், வெளுத்துப்போன ஒளிப்பகுதி. உதயத்தின்போது சிவப்பு வண்ணம்தான் பெரும்பாலும் முதலில் நிறைந்து வழியும். ஹிஸ்டோகிராமை (வெளிச்சம் எப்படிப் பதிந்திருக்கிறது என்று கேமரா காட்டும் வரைபடம்) சிவப்பு, பச்சை, நீலம் மூன்று வண்ணங்களும் தனித்தனியாகத் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் ஏன் அந்த இடத்தில் நின்றீர்கள் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். 'பனிக்குள் அந்த ஒற்றை மரம்' என்று எழுதியிருந்தால், கணினியில் உங்கள் வேலை என்ன என்பது தெளிவு: மரம் தங்க வேண்டும், மற்றதெல்லாம் பின்வாங்க வேண்டும். படம் முழுவதையும் மாற்றும் ஸ்லைடர்களைக் குறைத்துக்கொண்டு, பிரஷ்ஷால் இங்கே கொஞ்சம் வெளிச்சம், அங்கே கொஞ்சம் இருட்டு என்று போங்கள். வொயிட் பேலன்ஸை (நிறச்சாயலைச் சமன்செய்யும் அமைப்பு) ஆட்டோவிலேயே விட்டுவிடாதீர்கள், விடியலின் நீலத்தைக் குறையென்று எண்ணி அது சரிசெய்துவிடும். எல்லாவற்றிலும் அதிகமாகப் படங்களைக் கெடுப்பது ஷேடோஸ் ஸ்லைடர் என்பேன். நிழலையெல்லாம் தூக்கிவிட்டால் மலைக்கு உருவமே இருக்காது. எடிட் செய்ததை மறுநாள் திறந்து பாருங்கள், மிகையானது உடனே உறுத்தும்.

உங்கள் நண்பரின் ஆலோசனை எனக்கு ஏற்பில்லை. மேதைகளைப் பார்க்காதவர்களும் காப்பியடிக்கிறார்கள், அந்த வாரம் பரவலாகப் பகிரப்பட்ட படத்தை. ஒருவரை மட்டும் பார்த்தால் ஆபத்து, பலரைப் பாருங்கள். எலியட் போர்ட்டரின் காட்டுப் படங்கள் பலவற்றில் வானமே கிடையாது, இலையும் கிளையும் நீரும்தான். ஹிரோஷி சுகிமோடோவின் கடல் படங்களில் தொடுவானம் சட்டகத்தைச் சரிபாதியாக வெட்டுகிறது. தொடுவானத்தை நடுவில் வைக்காதே என்று நாம் எல்லோரும் படித்திருக்கிறோம், இல்லையா? மைக்கேல் கென்னாவின் பனிநிலங்களில் ஒரு வேலி, சில மரங்கள், மீதி வெள்ளை. இவர்களுடைய ஒரு படத்தை எடுத்துக்கொண்டு சூரியன் எந்தப் பக்கம், கேமரா எவ்வளவு உயரம், எதை விலக்கியிருக்கிறார், பிரதியில் எதை இருட்டாக்கியிருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு மாலை முழுக்க ஒரே படத்தோடு இருக்கலாம்.

கடைசியாக லென்ஸ். அகலம் கூடக்கூடத் தூரத்து மலை சிறுத்துப்போகும். காலடியில் வலுவான முன்புலம் இல்லாவிட்டால் படம் வெறிச்சென்று இருக்கும். இப்போதைக்கு வாங்க வேண்டாம். உங்களுக்குப் பிடித்த படங்களை எந்தக் குவியத்தூரத்தில் (ஃபோகல் லெங்த்) எடுத்தீர்கள் என்பது கோப்புகளிலேயே பதிவாகியிருக்கும். எடுத்துப் பாருங்கள். பெரும்பாலானவை உங்கள் ஜூமின் நீண்ட முனையில் இருந்தால், நீங்கள் தேட வேண்டியது தூரத்தை நெருக்கிக் காட்டும் டெலிபோட்டோ லென்ஸ்.