பள்ளி மணி அடித்த பிறகு

அமெரிக்கப் பள்ளிகளில் வெள்ளையினப் பிள்ளைகளுக்கும் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் உள்ள மதிப்பெண் இடைவெளி, அதைக் குறைக்க நடத்தப்படும் மாலை வகுப்புகள் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு எங்கள் கல்விக் குழுவின் பதில்கள்.

கே: எங்கள் பள்ளிக் கூட்டத்தில் மதிப்பெண் வரைபடம் காட்டினார்கள். கறுப்பினப் பிள்ளைகள் கீழே, நம் பிள்ளைகள் மேலே. வீட்டு வளர்ப்புதானே காரணம்? இதில் பள்ளி என்ன செய்ய முடியும்? (ஒரு தாய், எடிசன், நியூஜெர்சி)

ப: வளர்ப்பு மட்டும்தான் காரணம் என்றால் அந்த இடைவெளி சட்டென்று அசையாதே அம்மா. அசைந்திருக்கிறது. 'நேப்' என்ற தேசியத் தேர்வில் 13 வயதுப் பிள்ளைகளின் வாசிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1971-ல் வெள்ளையினருக்கும் கறுப்பினருக்கும் 39 புள்ளி வித்தியாசம். 1988-ல் 18. பதினேழே ஆண்டில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. தெற்கு மாநிலப் பள்ளிகளில் இரு இனப் பிள்ளைகளும் ஏட்டளவில் இல்லாமல் நிஜமாகவே சேர்ந்து உட்கார்ந்தது, 1965-ல் தொடங்கிய ஹெட் ஸ்டார்ட் என்ற மழலையர் திட்டமும் டைட்டில் ஒன் என்ற மத்தியப் பள்ளி நிதியும் ஏழைப் பிள்ளைகளை எட்டியது, கறுப்பினப் பெற்றோரின் படிப்பு உயர்ந்தது எல்லாம் அந்தத் தலைமுறையில்தான். இவற்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். பிறகு அந்த ஓட்டம் நின்றது. 2012-ல் 23 புள்ளி.

நம் பிள்ளைகளை அளவுகோலாக வைப்பதும் சரியில்லை. அமெரிக்காவில் வாழும் இந்திய வம்சாவளிப் பெரியவர்களில் நான்கில் மூன்று பேர் பட்டதாரிகள். விசா என்ற சல்லடையில் சலித்து எடுத்த கூட்டம் நாம். குமோன் டியூஷனுக்கு அனுப்புகிறோமே, அதுவும் மாலை வகுப்புதான். காசு கட்டி அனுப்புகிறோம், அவ்வளவே. 'இடைவெளி' என்பதைவிட 'கல்விக் கடன்' என்பதே பொருத்தம் என்று 2006-ல் பேராசிரியர் குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ் சொன்னார். தலைமுறை தலைமுறையாகக் கொடுக்காமல் விட்ட பாக்கி என்று பொருள். எங்களுக்கும் அந்தச் சொல்தான் பிடித்திருக்கிறது.

கே: வாரம் இரண்டு நாள் 25 பிள்ளைகளுக்கு ஹோம்வொர்க் செய்ய உதவுகிறோம். பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள். நான்கு கல்லூரி மாணவர்கள் வருகிறார்கள். ஒரு வருடமாகியும் கணக்கு மதிப்பெண் அசையவில்லை. எங்கே தவறு? (தன்னார்வலர், ஹூஸ்டன்)

ப: ஹோம்வொர்க்கில்தான். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் தாளில் 1/2 + 1/3 = 2/5 என்று இருக்கும். மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியிருக்கிறது. 2/5 என்பது அரையைவிடக் குறைவு; அரையோடு இன்னொன்றைக் கூட்டினால் எப்படிக் குறையும் என்று அந்தப் பிள்ளைக்கு உறுத்தவே இல்லை. அப்படியானால் நாலாம் வகுப்பிலேயே பின்னம் பிடிபடாமல் போயிருக்கிறது. இரண்டு செவ்வகம் வரைந்து, இரண்டையும் ஆறு துண்டாக்கிக் காட்ட 20 நிமிடமாவது வேண்டும். தன்னார்வலரைச் சுற்றியோ ஆறு பிள்ளைகள். 'ஆறில் அஞ்சு போடு' என்று சொல்லிவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவார். ஹோம்வொர்க் முடிந்துவிடும், ஓட்டை அப்படியே இருக்கும். மத்திய அரசு நிதியில் நடந்த மாலை மையங்களை ஆராய்ந்து 2005-ல் வந்த இறுதி அறிக்கையும் மதிப்பெண்ணில் பெரிய முன்னேற்றம் காணவில்லை. பெரும்பாலான மையங்களில் நடந்தது ஹோம்வொர்க் உதவிதான்.

முதல் வாரம் பாடமே வேண்டாம். வகுப்புக்கு இரண்டு மூன்று வகுப்பு கீழிருந்து தொடங்கி, பத்துப் பன்னிரண்டு கணக்குகளை எளிதிலிருந்து கடினமாக அடுக்கிக் கொடுங்கள். தொடர்ந்து மூன்று தப்பான இடத்தில் நிறுத்துங்கள். அங்கிருந்துதான் அந்தப் பிள்ளைக்குப் பாடம். குழு பிரிப்பது வகுப்பை வைத்தல்ல, இந்த இடத்தை வைத்து. ஒரு தன்னார்வலருக்கு மூன்று பிள்ளை, மிஞ்சினால் நான்கு. வாரம் மூன்று நாளாவது வேண்டும், நாளுக்கு 35 நிமிடம், அதே ஆள், அதே பிள்ளைகள்.

உங்களிடம் நான்கு பேர்தான் என்பதால் இரண்டு சுற்றாக நடத்துங்கள். 3:10-க்குச் சிற்றுண்டி. 3:30-க்கு 12 பேர் கணக்கு. மற்ற 13 பேர் விளையாட்டு. 4:10-க்கு மாற்றிக்கொள்ளுங்கள். 4:45 முதல் 5:10 வரை எல்லோருக்கும் ஹோம்வொர்க். விளையாடுபவர்களைப் பார்க்க ஐந்தாவதாக ஒரு பெரியவர் கட்டாயம். அவரில்லாவிட்டால் இந்த ஏற்பாடு இரண்டாம் நாளே கலைந்துவிடும். கல்லூரித் தேர்வு வரும் டிசம்பர், மே முதல் வாரங்களில் தன்னார்வலர்கள் காணாமல் போவார்கள். அப்போது புதுப் பாடம் தொடங்காதீர்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. 96 சோதனைகளைத் தொகுத்து 2020-ல் வந்த ஆய்வில் தனிப்பயிற்சி நல்ல பலன் தந்தது. ஆனால் பள்ளி முடிந்த பின் நடத்தியதைவிடப் பள்ளி நேரத்துக்குள் நடத்தியதே அதிகம் பலித்தது. சிகாகோவில் சாகா என்ற அமைப்பு ஒருவருக்கு இரண்டு மாணவர் என்று கால அட்டவணைக்குள்ளேயே தினமும் ஒரு பீரியட் நடத்தியது. செலவு ஒரு மாணவருக்கு ஆண்டுக்குச் சுமார் 3,500 முதல் 4,300 டாலர். உங்களால் அது முடியாது. ஆனால் பள்ளி முதல்வரிடம் பகலில் அரை மணி நேரம் கேட்டுப் பார்க்கலாம். கேட்க ஒன்றும் செலவில்லை.

கே: முதல் மாதம் 30 பேர் வந்தார்கள். பிப்ரவரியில் 9. என்ன செய்வது? (அட்லாண்டா)

ப: முதலில் பஸ். பள்ளி பஸ் மூன்று மணிக்கே போய்விட்டால், கார் அனுப்ப முடியாத வீட்டுப் பிள்ளைதான் முதலில் வருவதை நிறுத்தும். மாலையில் தாமதமாகப் புறப்படும் பஸ் இருக்கிறதா என்று பள்ளி மாவட்ட நிர்வாகத்தில் விசாரியுங்கள். அடுத்து, தம்பியை அழைத்துவரப் போகும் அக்கா. தம்பியையும் சேர்த்துக்கொண்டால் அக்காவும் தங்குவாள்.

பெயரும் விரட்டும். 'பின்தங்கியோர் வகுப்பு' என்று ஒட்டினால் எந்த ஏழாம் வகுப்புப் பையன் நண்பர்கள் பார்க்க உள்ளே வருவான்? 1970-களில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் என்ற ஆய்வாளர் 20 கறுப்பின மாணவர்களையும் 20 சீன வம்சாவளி மாணவர்களையும் கூர்ந்து கவனித்தார். கால்குலஸில் தோற்ற கறுப்பின மாணவர்கள் சோம்பேறிகள் அல்ல. தனியாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். சீன வம்சாவளி மாணவர்களோ தனியே போட்ட கணக்கைக் கூடி உட்கார்ந்து சரிபார்த்தார்கள். அவர் தொடங்கிய பட்டறைக்குச் சிறப்பு மாணவர் வகுப்பு என்ற தோரணை. எளிய கணக்கு அல்ல, கடினக் கணக்கு, குழுவாக. தோல்வி வெகுவாகக் குறைந்தது.

கே: பணம் எங்கே கிடைக்கும்? (சான் ஹோசே)

ப: இருபத்தோராம் நூற்றாண்டுச் சமூகக் கற்றல் மையங்கள் என்ற மத்திய நிதிக்கு மாநிலக் கல்வித் துறையில் விண்ணப்பிக்க வேண்டும். மூன்று முதல் ஐந்து ஆண்டு, குறைந்தது 50,000 டாலர். பள்ளி மாவட்டமும் வெளி அமைப்பும் சேர்ந்து கேட்டால் முன்னுரிமை. கலிபோர்னியாவில் 2002 வாக்கெடுப்பில் ஷ்வார்ஸ்நெகர் முன்னின்று கொண்டுவந்த மாநில நிதி தனி. அதில் 20 பிள்ளைக்கு ஒருவர், வாரம் 15 மணி நேரம், மாலை ஆறு வரை திறந்திருக்க வேண்டும் என்று கெடுபிடி உண்டு. சிற்றுண்டிச் செலவைத் தனியாகத் திரும்பப் பெறலாம். அதற்கு உங்கள் பகுதிப் பள்ளியில் பாதிப் பேராவது இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதி பெற்றிருக்க வேண்டும்.

கே: நம் இல்லம் தேடிக் கல்வியோடு இதை ஒப்பிடலாமா? (விழுப்புரம்)

ப: ஓரளவு. அமெரிக்காவில் பேச்சு நிறம் பற்றியது; தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வி கொரோனாவில் விட்டுப்போன பாடம் பற்றியது. 2021 அக்டோபரில் உங்கள் மாவட்டத்தில்தான் தொடங்கியது. சுமார் 20 பிள்ளைக்கு ஒரு தன்னார்வலர், மாலை ஐந்து முதல் ஏழுக்குள் ஒன்றரை மணி நேரம் வரை, மாதம் 1,000 ரூபாய். பள்ளி திறந்து ஆறு மாதத்தில் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது, அதில் ஏறக்குறைய கால் பங்கு இத்திட்டத்தால் என்று கார்த்திக் முரளிதரன் குழுவின் ஆய்வு கணக்கிட்டது. 20 பேர் அதிகம்தான். ஆனால் வகுப்பு பக்கத்துத் தெருவில், தெரிந்த அக்காவின் திண்ணையில் நடந்தது. அட்லாண்டா வாசகரின் பஸ் பிரச்சினை அங்கே இல்லை.