ஆதாரம் கிடைக்கவில்லை என்று படிப்பை மாற்றலாமா?

செந்தூலில் இருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். மகள் செர்டாங்கில் உள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தில் கால்நடை அறிவியல் படிக்கிறாள். ஆட்டுத் தீவனத்தில் செம்பனைப் புண்ணாக்கு பற்றி ஆய்வுத் திட்டம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். சாட்ஜிபிடி கொடுத்த கட்டுரைப் பட்டியலை அவள் அப்படியே ஒப்படைக்க, அதில் பல கட்டுரைகளை யாரும் எழுதவே இல்லை என்று விரிவுரையாளர் திருப்பித் தந்துவிட்டார். "இவளுக்கு ஆராய்ச்சி சரிப்படாது போலிருக்கிறது. தாதிமைப் படிப்புக்கு மாற்றிவிடலாமா?"

வேண்டாம் அம்மா. தாதிமையிலும் ஆதாரம் தேடித்தான் எழுத வேண்டும். அங்கேயும் இதே அழுகைதான் வரும். உங்கள் மகளுக்குப் பாடம் புரியாமல் இல்லை, தேடும் முறையை யாரும் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். 'படித்து முடித்தால் மிருக டாக்டரா?' என்றும் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. கால்நடை மருத்துவம் தனிப்படிப்பு, ஐந்து ஆண்டு, முடித்ததும் மலேசியக் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிந்துகொள்ள வேண்டும். இவள் படிப்பது தீவனம், இனப்பெருக்கம், பண்ணை நிர்வாகம்.

இனி எழுதுவது மகளுக்கு.

தங்கச்சி, 'ஆட்டுத் தீவனம், மலேசியா' என்று தட்டினால் தீவனம் விற்பவர்கள்தான் முதலில் வருவார்கள். அது தலைப்பு, கேள்வி இல்லை. 'வளரும் ஆட்டுக்குப் புண்ணாக்கு எவ்வளவு வரை கொடுக்கலாம், எடை கூடுகிறதா, செம்புச் சத்து அதிகமாகித் தீங்கு வருமா?' இப்படிக் கேட்டுப் பார். தேட வேண்டிய சொற்கள் கேள்விக்குள்ளேயே இருக்கின்றன.

அந்தச் சொற்களுக்கு வேறு பெயர்களும் உண்டு. நம் ஊர்க் கட்டுரைகளில் 'பாம் கெர்னல் கேக்' என்று இருப்பது, வேறு நாட்டுக் கட்டுரைகளில் 'பாம் கெர்னல் மீல்' அல்லது 'பாம் கெர்னல் எக்ஸ்பெல்லர்' என்று இருக்கும். மூன்றையும் தனித்தனியாக மேற்கோள் குறிக்குள் போட்டு, நடுவில் 'ஆர்' (OR) சேர்த்துத் தேடு. பிறகு 'அண்ட்' (AND) போட்டு ஆட்டுக்கான சொல்லைச் சேர். மலாயில் 'ஹம்பாஸ் இசிரோங் சாவிட்' என்றும் ஒரு முறை தேடிப் பார், மலேசிய வேளாண் ஆராய்ச்சிக் கழகமான மார்டியின் பழைய வெளியீடுகள் அகப்படலாம். பெயர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள சாட்ஜிபிடியை வைத்துக்கொள். கட்டுரைப் பட்டியல் மட்டும் கேட்காதே. எங்கிருந்து வந்த கட்டுரையானாலும் டி.ஓ.ஐ. எண் (கட்டுரைக்கென்று தரப்படும் அடையாள எண்) இருந்தால், அதை doi.org தளத்தில் போட்டுத் திறந்து பார். வேறு கட்டுரை திறந்தாலோ, தலைப்பு கூகுள் ஸ்காலரிலும் இல்லை என்றாலோ தூக்கிப் போடு.

எங்கே தேடுவது? கால்நடைத் துறைக்கு ஆழமானது கேப் அப்ஸ்ட்ராக்ட்ஸ் என்ற கட்டுரைத் தரவுத்தளம். அதற்குக் கட்டணம் உண்டு, உங்கள் நூலகம் வழியாகக் கிடைக்குமா என்று கேள். அமெரிக்காவின் அக்ரிகோலாவும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் அக்ரிஸும் இலவசம். மருத்துவக் கட்டுரைத் தளமான பப்மெட் நோய் பற்றிய கேள்விக்கு நல்லது, தீவனத்துக்கு அது மட்டும் போதாது. முதலில் தீவனங்களுக்கான இணையக் கலைக்களஞ்சியமான ஃபீடிபீடியாவில் செம்பனைப் புண்ணாக்குப் பக்கத்தைப் படி, அடியில் இருக்கும் பட்டியலே பாதி வேலையை முடித்துவிடும். உங்கள் பல்கலைக்கழகமே 1978 முதல் நடத்தும் பெர்த்தானிக்கா இதழை மறந்துவிடாதே. மாணவர்கள் வெளிநாட்டு இதழ்களைப் புரட்டிவிட்டுக் கடைசியாகத்தான் அங்கே வருகிறார்கள், ஏனோ.

ஒரு நல்ல கட்டுரை கிடைத்தால் அதையே பிடித்துக்கொண்டு போ. புண்ணாக்கு தின்ற செம்மறிகளுக்கு ஈரலில் செம்பு சேர்ந்து நஞ்சாகிறது, துத்தநாகம் கொடுத்தால் அது குறைகிறதா என்று 1990-களில் செர்டாங்கிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். அந்தக் கட்டுரையின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தால் அதற்கு முன் வந்தவை தெரியும். கூகுள் ஸ்காலரில் அதன் கீழே இருக்கும் 'சைட்டட் பை'யைச் சொடுக்கினால் பின்னால் வந்தவை தெரியும். இப்படி முன்னும் பின்னும் போனால் அந்தத் துறையில் யார் யார் வேலை செய்கிறார்கள் என்பதே பிடிபட்டுவிடும்.

ஆனால் கவனம். அது செம்மறி, உன்னுடையது வெள்ளாடு. செம்புக்குச் செம்மறி சீக்கிரம் பாதிக்கப்படும், வெள்ளாடு அதைவிடத் தாங்கும். அதனால் செம்மறிக் கணக்கை அப்படியே உன் திட்டத்தில் எழுத முடியாது. பிரான்சில் கொட்டகையில் வளர்ந்த சானென் ஆட்டின் எடையை நம் ஊர்க் காச்சாங் ஆட்டோடு ஒப்பிடுவதும் அப்படித்தான். எந்த இனம், என்ன வயது, புண்ணாக்கு எத்தனை சதவீதம், எத்தனை நாள் கொடுத்தார்கள்? ஒவ்வொரு கட்டுரைக்கும் இந்த நாலையும் ஒரு எக்ஸெல் தாளில் குறித்து வை. சுருக்கத்தை மட்டும் படித்தால் இவை சிக்காது. முழுக் கட்டுரைக்குக் காசு கேட்டால் நூலகத்தில் விசாரி, இல்லாவிட்டால் எழுதியவருக்கே மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போடு. பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள்.

அம்மா, வேலை பற்றியும் ஒரு வார்த்தை. தீவன ஆலையில் விற்பனையாளர் ஒருவர் புதுச் சத்துத்தூளைக் கொண்டுவந்து, "கோழி பத்து நாளில் கொழுத்துவிடும்" என்பார். அது உண்மையா என்று அன்றே தேடிப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவரைத்தான் முதலாளி பக்கத்தில் வைத்துக்கொள்வார். கால்நடைச் சேவைத் துறையிலும் மார்டியிலும் இதே திறமைதான் வேண்டும்.

இந்த வாரமே நூலகரிடம் நேரம் கேட்கச் சொல்லுங்கள். வெறும் கையோடு போக வேண்டாம். கேள்வியை ஒரே வரியில் எழுதி, தேடிய சொற்களையும் பிடித்த ஒரு கட்டுரையையும் கொண்டு போகட்டும். விரிவுரையாளரிடம் புதுப் பட்டியலைக் கொடுப்பது அதற்கு அப்புறம்.