சாவி யாரிடம்?

அன்புள்ள ஐயாவுக்கு,

எனக்குச் சொந்த ஊர் கடலூர், மஞ்சக்குப்பம். கென்யாவில் ககுமா அகதிகள் முகாமில், சாமியார்கள் நடத்தும் தொழிற்பயிற்சிக் கூடத்தில் இரண்டு வருஷம் தையல் சொல்லிக்கொடுக்க வந்தேன். சம்பளம் கிடையாது. இன்னும் ஏழு வாரம்தான் இருக்கிறது. போன வாரம் ஒரு மாணவி, "அடுத்த டீச்சர் எப்போது வருவார்?" என்று கேட்டாள். மெஷினிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அன்றிலிருந்து ஜெபத்தில் மனம் நிற்கவில்லை. நான் வந்து என்னதான் ஆயிற்று?

(பெயர் போட வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்.)

அன்புள்ள வாசகிக்கு,

கேட்டதைவிட, தலை நிமிராமல் கேட்டதுதான் உங்களைக் குத்துகிறது, இல்லையா? ககுமா 1992-இல், சூடான் போருக்குத் தப்பி நடந்தே வந்த சிறுவர்களுக்காகத் தொடங்கிய முகாம். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை என்றால், இதுவரை எத்தனை டீச்சருக்குக் கையசைத்திருப்பாளோ!

நான் வழியனுப்புகிற பக்கத்தில் நின்றவன். சின்ன வயதில் எங்கள் பங்குப் பள்ளியில் வெளிநாட்டு அக்கா ஒருவர் ஒரு வருஷம் இருந்தார். புறப்படும்போது சம்பங்கி மாலை, குரூப் போட்டோ, ஒரே அழுகை. "அடுத்த வருஷம் கண்டிப்பா வரேன்" என்றார், தமிழிலேயே. மறுவாரம் பார்த்தால், புத்தக அலமாரிச் சாவி அவர் கைப்பையோடு விமானம் ஏறிவிட்டது. பூட்டை உடைக்க யாருக்கும் மனம் வரவில்லை. அவர்தான் வரப்போகிறாரே! ஒரு வருஷத்துக்கு மேல், கண்ணாடிக்குப் பின்னால் படப்புத்தகங்களின் முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். அப்புறம் ஓர் ஆசாரி வந்து கீலைக் கழற்றினார். அக்கா நல்லவர்தான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் போயிருக்கலாம்.

அதனால் திரும்பி வருவேன் என்று சொல்லிவிடாதீர்கள். மனசு தளும்பும்போது வாயில் தானாக வந்துவிடும், ஜாக்கிரதை.

நம் ஊரிலேயே கீர்நாந்தர் என்று ஒருவர் இருந்தார். சுவீடன்காரர், உங்கள் சபை அல்ல, லுத்தரன். 1740-இல் கடலூருக்கு வந்து 18 வருஷம் பள்ளி, சபை என்று கிடந்தார். 1758-இல் லல்லியின் பிரெஞ்சுப் படை தேவனாம்பட்டினத்துக் கோட்டையைப் பிடித்ததும், இருந்த இடத்தை விட்டுக் கல்கத்தாவுக்குப் போக வேண்டியதாயிற்று. போர் அவருக்கு ஏழு வாரமெல்லாம் கொடுக்கவில்லை. உங்களுக்கு இருக்கிறது.

நாளையிலிருந்தே பின் பெஞ்சுக்குப் போய்விடுங்கள். எந்த மெஷினில் நூல் அறுகிறது, எதற்கு எந்த நம்பர் ஊசி, பெல்ட் எங்கே கிடைக்கும், அளவு நோட்டு யாரிடம்? இதையெல்லாம் அவர்களில் ஒருத்திதான் இனி சொல்ல வேண்டும். தலை நிமிராமல் தைக்கிற அந்தப் பெண்ணிடமே வகுப்பைக் கொடுத்துப் பாருங்களேன். முதல் வாரம் சொதப்பும். பக்கத்தில் நீங்கள் இருக்கும்போது சொதப்பினால் நல்லது. சாமியாரிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உங்களுக்குச் சலிப்பு தட்டிவிட்டதாக நினைத்துக்கொள்வார்.

என்ன ஆயிற்று என்று கேட்டீர்கள். அந்த வகுப்பு நடக்கிறபோது பின்னால் இருந்து பார்த்துவிட்டு நீங்களே எனக்கு எழுதுங்கள்.

ஊருக்கு வந்தால், "எவ்வளவு சேர்த்தே?" என்று சொந்தக்காரர்கள் கேட்கத்தான் செய்வார்கள். அதற்கு என்னிடம் மருந்து இல்லை. அங்கே பேசுகிற சுவாஹிலியில் காலை ஏழு மணியை 'ஸா மோஜா', அதாவது ஒரு மணி என்று சொல்லிப் பழகியிருப்பீர்கள். விடிந்ததிலிருந்து எண்ணுகிற கணக்கு, நம் பழைய நாழிகை மாதிரி. மஞ்சக்குப்பத்திலும் கொஞ்ச நாள் மணி தப்பும். தப்பட்டும்.