அடி வாங்குறது நான், விசில் அவனுக்கா?

கேள்வி: ஏழு வருஷமா நானும் என் ஃப்ரெண்டும் டேக் டீமா (ஜோடியா ஆடுறது, உள்ள இருக்கிறவன் கையைத் தொட்டு 'டேக்' குடுத்தாதான் வெளிய நிக்கிறவன் உள்ள வரலாம்) ரெஸ்லிங் பண்றோம். ஒவ்வொரு மேட்ச்லயும் பத்து நிமிஷம் அடி வாங்குறது நான். கடைசில டேக் வாங்கி உள்ள வந்து ரெண்டு பேரையும் தூக்கிப் போட்டு விசில் வாங்குறது அவன். வயசு முப்பது ஆச்சு. தனியா போயிடலாமா சார்? - பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, உன் லெட்டரைப் படிச்சதும் சிரிப்பு வந்துடுச்சு, கோச்சுக்காத. நானும் பல வருஷம் அடி வாங்குற பார்ட்னரா இருந்தவன்தான், இதே புலம்பல் புலம்பி வீட்ல திட்டு வாங்குனவன்தான்.

ரிக்கி மோர்ட்டன் தெரியும்ல? ராபர்ட் கிப்சனோட சேர்ந்து ராக் அண்ட் ரோல் எக்ஸ்பிரஸ். அந்த டீம்ல அடி வாங்குற வேலை பெரும்பாலும் மோர்ட்டனுக்குத்தான், அதை எவ்வளவு நல்லா பண்ணாருன்னா இன்னிக்கும் டேக் மேட்ச்ல அடி வாங்குறவனை 'ரிக்கி மோர்ட்டன் பண்றான்'னுதான் தொழில்ல சொல்றாங்க. 1986ல ரிக் ஃப்ளேரோட கூண்டுக்குள்ள உலக சாம்பியன்ஷிப் மேட்ச் கிடைச்சதும் அவருக்குத்தான். ஏன்னா ஜனங்க பரிதாபப்பட்டது அவர் மேல.

அந்தக் கடைசி நிமிஷத்தை யோசிச்சுப் பாரு. நீ தவழ்ந்து போற, அவன் மூலையில கட்டியிருக்கிற டேக் கயிறைப் புடிச்சுக்கிட்டு கையை நீட்டுறான், ரெண்டு விரல் கேப்புல உன் கணுக்காலைப் புடிச்சு இழுத்துடுறாங்க, மறுபடி போற, இந்தத் தடவை கை தொட்டாச்சு ஆனா ரெஃபரி அந்தப் பக்கம் திரும்பி இன்னொருத்தனை வெளிய தள்ளிட்டிருக்கான், டேக் செல்லாது, கூட்டமே கத்துது. அவனுக்குக் கிடைக்கிற விசில் அத்தனையும் நீ பத்து நிமிஷமா சேர்த்து வச்சது. எப்ப கை தொடணும்னு முடிவு பண்றதும் நீதான், மேட்ச் உன் கையில இருக்கு (இது உன் பார்ட்னருக்கே தெரியுமான்னு எனக்கு டவுட்டு).

தனியா போகக்கூடாதுன்னு சொல்லல. ஆனா பிரியறதுக்கு முன்னாடி ஷோ நடத்துற ப்ரோமோட்டர்கிட்ட ஒரே கேள்வி கேளு, பிரிஞ்ச ஆறு மாசத்துக்கு அப்புறம் எனக்கு என்ன கதை வச்சிருக்கீங்க? ராக்கர்ஸ் டீம் 1992 ஜனவரில உடைஞ்சப்ப ஷான் மைக்கேல்ஸ் பார்ட்னரை ஜன்னல் கண்ணாடி வழியா தள்ளி விட்டாரு. அதுக்கப்புறம் மைக்கேல்ஸ் எங்கயோ உசரத்துக்குப் போயிட்டாரு. தள்ளப்பட்ட மார்ட்டி ஜெனெட்டி அடுத்த வருஷமே அவரை ஜெயிச்சு இன்டர்கான்டினென்டல்ங்கிற சிங்கிள்ஸ் சாம்பியன் பெல்ட்டு வாங்குனாரு, ஆனாலும் இன்னிக்கு வரைக்கும் டீம்ல பின்தங்குனவனுக்கு அவர் பேரைத்தான் சொல்றாங்க. பிரெட் ஹார்ட்டுக்கு இவ்வளவு டிராமாவே தேவைப்படல, 1991ல ஜிம் நைட்ஹார்ட்டோட இருந்த டீம் சத்தமில்லாம முடிஞ்சுது, அந்த வருஷமே சிங்கிள்ஸ் பெல்ட்டு, அடுத்த வருஷம் உலக சாம்பியன். டீம்ல இருந்தப்பவே அவரோட ஆட்டம் தனியா தெரிஞ்சுது, அதான் விஷயம்.

அதனால இப்போதைக்கு ஒண்ணு பண்ணு. நாலு மேட்ச் இடம் மாத்திக்கலாம்னு பார்ட்னர்கிட்ட கேளு, அவன் அடி வாங்கட்டும், நீ வெளிய கயிறைப் புடிச்சு நில்லு. அப்ப கூட்டத்தோட சத்தம் கூடுதா குறையுதான்னு காது குடுத்துக் கேளு. அப்புறம் எனக்கு எழுது, முக்கியமா அவன் முதுகு எப்படி இருக்குன்னு.