மூன்றரை இலட்சம் கட்டி விஎஃப்எக்ஸ் படிக்கலாமா?

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறேன், வயது 26. வேலை பார்த்துக்கொண்டே நண்பர்களோடு இரண்டு குறும்படங்கள் எடுத்தேன். அடுத்த படத்தில் கடல் எங்கள் ஒழுங்கைக்குள் ஏறி வருவதுபோல ஒரு காட்சி இருக்கிறது. ஒரு வருட விஎஃப்எக்ஸ் (படக் காட்சிகளைக் கணினியில் உருவாக்குகிற, மாற்றுகிற வேலை) டிப்ளோமாவுக்கு மூன்றரை இலட்சம் கேட்கிறார்கள். சேமிப்பு முழுக்க அதற்கே போய்விடும். சேரலாமா?

பதில்: சேர வேண்டாம் தம்பி. படிப்பு மோசம் என்று சொல்லவில்லை, அது உங்களுக்கான படிப்பு இல்லை. அந்த மாதிரி டிப்ளோமாக்கள் பெரும்பாலும் ஸ்டூடியோ வேலைக்குப் போகிறவர்களுக்கானவை. மொடலிங் (கணினியில் உருவம் செய்வது), டெக்ஸ்சரிங் (அதற்கு மேற்பரப்பும் நிறமும் கொடுப்பது) என்று வருடம் ஓடிவிடும். படம் எடுக்கிற உங்களுக்குத் தெரிய வேண்டியது, எந்தக் காட்சி கணினியில் சுலபமாக வரும், எது உயிரை வாங்கும், அதற்கு ஏற்றமாதிரி எப்படி ஷூட் பண்ணுவது என்பதுதான்.

உங்கள் கடலையே எடுப்போம். பொங்கி வரும் அலை இந்தத் துறையிலேயே கஷ்டமான சங்கதிகளில் ஒன்று. நுரை, தெறிப்பு, சுவரில் மோதித் திரும்பும் நீர் எல்லாவற்றுக்கும் சிமுலேஷன், அதாவது நீரின் அசைவைக் கணினியே கணக்கிட்டு உருவாக்குவது, வேண்டும். வீட்டுக் கணினி இரவு பகலாக ஓடினாலும் கடைசியில் பிளாஸ்டிக் மாதிரித்தான் தெரியும். அதனால் அலையைக் காட்டாதீர்கள். இரைச்சலைக் கேட்கவிட்டு, பார்க்கிறவர்களின் முகத்தைக் காட்டுங்கள். அப்புறம் நேரே, தேங்கி நிற்கும் தண்ணீரைக் காட்டும் ஷொட்டுக்குப் போங்கள்.

அசையாத தண்ணீர் கிட்டத்தட்ட ஒரு கண்ணாடிதான். எதிர்க் கட்டடத்தை நேருக்கு நேர் பார்க்கிற மாதிரி கமராவை ட்ரைபொட்டில் தாழ்வாக வைத்து, விடியற்காலையில், ரோட்டில் ஆளில்லாத நேரத்தில் ஒரு நிமிடம் எடுங்கள். ரோட்டிலிருந்து இரண்டடி உயரத்தில் தண்ணீர்க் கோட்டை வைத்து, அதற்கு மேலே உள்ள படத்தைத் தலைகீழாகப் புரட்டிக் கீழே ஒட்டுங்கள். கொஞ்சம் இருட்டாக்கி, மங்கலாக்கி, லேசான சிற்றலை கொடுத்து, சுவரில் ஈரம் ஊறிய தடத்தை வரைந்தால் பாதி வேலை முடிந்தது. ஒழுங்கை நீளத்துக்குப் பார்க்கிற கோணத்தில் இது சரிவராது. பக்கச் சுவர்கள் சாய்ந்து போவதால் பிம்பம் பொருந்தாது, முப்பரிமாணத்தில் செய்ய வேண்டிவரும். ஆளைத் தண்ணீருக்குள் நடக்கவிடவும் வேண்டாம், கால் படுகிற இடத்தில்தான் பொய் பிடிபடும். இரண்டாம் மாடி பல்கனியில் நிறுத்துங்கள், அவருடைய பிம்பமும் சும்மா கிடைக்கும்.

இதற்கு டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே போதும், இப்படி ஒட்டு வேலை செய்கிற ஃபியூஷன் என்ற பகுதி அதற்குள்ளேயே இருக்கிறது. முப்பரிமாணம் தேவைப்பட்டால் பிளெண்டர் என்ற மென்பொருள், அதுவும் இலவசம். பிளெண்டரில் செய்த 'ஃப்ளோ' என்ற லத்வியப் படம்தான் 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஒஸ்காரை வாங்கியது.

கமராவில் ஃபோகஸ், எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு) இரண்டையும் லொக் பண்ணிவிடுங்கள். ஷொட்டின் நடுவில் வெளிச்சம் தானாகக் கூடிக் குறைந்தால் ஒட்டு வேலை நாசம். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் செக்கனுக்கு 25 ஃபிரேமில், ஷட்டர் 1/50 செக்கனில் எடுத்தால் டியூப் லைட் மினுக்கம் தொல்லை தராது. நடிகர் இல்லாமல் அதே ஃபிரேமை வெறுமையாகவும் ஒருதரம் எடுத்து வையுங்கள். பின்னால் எதையாவது அழிக்க வேண்டி வந்தால் அதுதான் கைகொடுக்கும். பின்னணியைப் பிறகு மாற்றுவதற்காக ஆளுக்குப் பின்னால் கட்டுகிற பச்சைத் துணி இந்தக் காட்சிக்குத் தேவையே இல்லை. வேறொன்றுக்கு வேண்டுமென்றால் புறக்கோட்டையில் மினுங்காத பருத்தித் துணியாகப் பார்த்து வாங்குங்கள், சாட்டின் வேண்டாம்.

'காட்ஸில்லா மைனஸ் வன்' என்ற ஜப்பானியப் படத்தின் இயக்குநர் தகாஷி யமசாகிதான் அதன் விஎஃப்எக்ஸ் மேற்பார்வையாளரும். 610 விஎஃப்எக்ஸ் ஷொட்டுகளை 35 பேர் செய்து 2024இல் அதற்கான ஒஸ்காரை எடுத்தார்கள். அவர் அந்தத் துறையிலேயே வளர்ந்தவர், நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஆனால் எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று இயக்குநருக்கே தெரிந்தால் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள்.

பணத்தில் ஒரு பகுதியை வைத்து, அந்த டிப்ளோமாவை முடித்த பெடியன் ஒருவரைச் சில வாரங்களுக்குப் பிடியுங்கள். அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள், அதுவே ஒரு வகுப்பு. கதையை முடிவு பண்ணுவதற்கு முன்னமே சோதனை ஷொட் ஒன்று எடுத்துவிடுங்கள். எதிர்க் கட்டட நிர்வாகத்திடமும் முதல் நாளே சொல்லி வையுங்கள். காலை ஐந்தரைக்கு கமராவோடு போய் நின்றால் செக்யூரிட்டி ஐயா சும்மா விடமாட்டார்.