தெருமுனை ரெக்கார்டு கடை மூடுகிறது, எனக்கு ஏன் இவ்வளவு அழுகை?

வணக்கம் மேடம்,

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். விவாகரத்து, வேலை போனது, பிள்ளைகள் பேசுவதில்லை என்று உங்களுக்கு எவ்வளவோ கடிதம் வரும், அதற்கு நடுவில் நான் ஒரு கடை மூடுவதைப் பற்றி எழுதுகிறேன். எங்கள் தெருமுனையில் இருக்கும் ரெக்கார்டு கடை இந்த மாதக் கடைசியோடு மூடுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

பெரிய கடை இல்லை, ஒரே ஆள் நடத்துகிற கடை. நடுவில் எல்.பி. என்கிற பெரிய இசைத்தட்டுகளின் பெட்டிகள், ஓரத்தில் சின்ன 45 தட்டுகள், ஜன்னல் பக்கம் ஒரு டர்ன்டேபிளும் ஹெட்போனும் இருக்கும், வாங்குவதற்கு முன் போட்டுக் கேட்கலாம். கடைக்காரரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்பதுகூட அவருக்குச் சரியாகத் தெரியுமா என்பது சந்தேகம். ஆனால் எனக்கு பாட்டில் எந்த மாதிரி பேஸ் (அடித்தொனி) பிடிக்கும், எந்த மாதிரிக் குரல் ஒத்துக்கொள்ளாது என்பது என் வீட்டுக்காரரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். நான் உள்ளே நுழைந்ததும் கவுண்டருக்கு அடியில் கையை விட்டு, "இது வந்துச்சும்மா, உனக்குன்னு எடுத்து வச்சேன்" என்று ஒன்றை நீட்டுவார். எப்போதும் பிடித்துவிடும் என்று இல்லை. பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொண்டுபோனால் காசைக் கொடுத்துவிட்டு, "ஆறு மாசம் கழிச்சு இன்னொரு தடவை கேளு" என்பார், அது சில சமயம் பலிக்கவும் செய்யும்.

கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்ததைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. கேட்டேன். "வயசாயிடுச்சும்மா, வாடகை ஒப்பந்தம் முடியுது, இன்னொரு தடவை கையெழுத்துப் போட மனசில்லை" என்றார். வீட்டுக்கு வந்து அழுதேன். என் வீட்டுக்காரர், "எல்லாப் பாட்டும்தான் போனில் இருக்கிறதே, இதற்கா?" என்று கேட்டார். அவர் நல்ல மனிதர், கிண்டல் பண்ணவில்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டார், அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. என் தங்கை சிரித்தே விட்டாள்.

அப்புறம் தள்ளுபடி போட்டார். போகும்போதெல்லாம் எதையாவது அள்ளிக்கொண்டு வருகிறேன், நான் கேட்கவே மாட்டேன் என்று தெரிந்த ரெக்கார்டுகளைக்கூட. எல்லாம் கூடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கிறது, பிரிக்கவில்லை. வீட்டில் இப்போது ஒரு ரெக்கார்டுகூடப் போட முடிவதில்லை, ஊசியை வைக்கப் போனால் தொண்டை அடைக்கிறது. இத்தனை நாளாக எட்டிப் பார்க்காமல் இப்போது தள்ளுபடிக்கு வரும் கூட்டத்தைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. ரெக்கார்டு மறுபடியும் நன்றாக விற்கிறது என்று எங்கே பார்த்தாலும் சொல்கிறார்கள். அப்படியானால் இந்தக் கடை ஏன் மூட வேண்டும்? யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

எனக்கு ஏதாவது ஆகிவிட்டதா? கடைசி நாள் போக வேண்டுமா, போனால் என்ன சொல்வது? நகரத்தின் அந்தப் பக்கம் இன்னொரு கடை இருக்கிறது, அங்கே போவதை நினைத்தால் துரோகம் மாதிரி இருக்கிறது, இது பைத்தியக்காரத்தனம்தானே?

பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தோழிக்கு,

உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மற்ற கடிதங்களோடு வைத்து இதை எடை போட வேண்டிய அவசியமும் இல்லை.

கென்னத் டோகா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989-ல் இந்த மாதிரித் துக்கத்துக்கு ஒரு பெயர் வைத்தார், சுற்றியிருப்பவர்கள் துக்கம் என்று ஏற்றுக்கொள்ளாத துக்கம் என்று அதைச் சொல்லலாம். வளர்த்த நாய் இறந்தால், பழைய காதலர் இறந்தால், இப்படி ஒரு கடை போனால், யாரும் துக்கம் கேட்டு வருவதில்லை, அலுவலகத்தில் லீவு தருவதில்லை. அதனால் துக்கம் குறைவதில்லை. அதோடு கூட வெட்கமும் சேர்ந்துகொள்கிறது. உங்கள் கடிதத்தில் எனக்குப் பட்டது, அழுகை உங்களை வாட்டுவதைவிட அழுகைக்கு மன்னிப்புக் கேட்பதுதான் அதிகமாக வாட்டுகிறது. முதல் பத்தியிலேயே கேட்டுவிட்டீர்கள்.

உங்கள் வீட்டுக்காரர் சொன்னது ஒரு விதத்தில் சரிதான், பாட்டு எங்கேயும் போகவில்லை. நீங்கள் இழப்பது வேறு. உங்கள் குடும்பம் தெரியாமல், சம்பளம் தெரியாமல், உங்கள் காது மட்டும் தெரிந்த ஒருவர் உங்களுக்கு இருந்தார். அந்தக் கடைக்குள் நீங்கள் யாருடைய மனைவியும் இல்லை, யாருக்கும் அக்காவும் இல்லை. போனில் இருக்கும் ஆப்பும் நீங்கள் கேட்டதையெல்லாம் கணக்கு வைத்துக்கொண்டு அடுத்த பாட்டைத் தரத்தான் செய்கிறது, ஆனால் அதனிடம் "இது சரியில்லை அண்ணே" என்று சண்டை போட முடியாது, அதுவும் தன் பேச்சில் பிடிவாதமாக நின்று ஆறு மாதம் கழித்துக் கேள் என்று சொல்லாது. நெருங்கிய உறவும் இல்லை, அந்நியரும் இல்லை என்கிற இந்த நடுத்தரப் பழக்கங்களைப் பற்றி கில்லியன் சாண்ட்ஸ்ட்ராம், எலிசபெத் டன் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த ஆய்வு 2014-ல் வெளிவந்தது. இப்படி அரைகுறையாகப் பழகியவர்களோடு வழக்கத்தைவிட அதிகமாகப் பேசிய நாட்களில் மக்கள் கொஞ்சம் கூடுதல் சந்தோஷமாகவும், தனக்கும் ஒரு இடம் இருக்கிறது என்ற உணர்வோடும் இருந்தார்கள் என்று அதில் தெரியவந்தது. பெயரில்லாத உறவு என்பதால்தான் அது போகும்போது வீட்டில் சொல்ல நமக்கு வார்த்தை கிடைப்பதில்லை.

கோபத்துக்கு வருகிறேன். ரெக்கார்டு மறுபடி விற்கிறது என்பது உண்மைதான். அமெரிக்காவில் 2022-ல் எல்.பி.க்கள் சுமார் 4.1 கோடி விற்றன, சி.டி.க்கள் 3.3 கோடிதான், எண்ணிக்கையில் எல்.பி. சி.டி.யை முந்தியது 1987-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. ஆனால் அந்த விற்பனையில் பெரிய பங்கு பெரிய சங்கிலிக் கடைகளுக்கும் இணையத்துக்கும் போகிறது. புது ரெக்கார்டில் சின்னக் கடைக்கு லாபம் கொஞ்சம்தான், விற்காமல் தேங்கினால் பெரும்பாலும் திருப்பி அனுப்பவும் முடியாது. இந்த மாதிரிக் கடைகளைப் பெரும்பாலும் காப்பாற்றுவது பழைய ரெக்கார்டு வியாபாரம். அதற்கு ஒருவர் வீடு வீடாகப் போய்ப் பெட்டி தூக்கி வந்து, துடைத்து, கீறல் பார்த்து, தரம் பிரித்து, விலை எழுத வேண்டும். எல்.பி. நிறைந்த ஒரு பெட்டியைத் தூக்கிப் பாருங்கள், அவர் வயதைப் பற்றிச் சொன்னது புரியும்.

இங்கே ஒன்று கொஞ்சம் கறாராகவே சொல்ல வேண்டும். மனசில்லை என்று அவர் சொன்னார், நீங்கள் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டீர்கள். கடை நொடித்துப்போனது என்றோ, யாரோ விரட்டினார்கள் என்றோ அவர் சொல்லவில்லை. வாழ்நாளில் பெரும்பகுதி ஒரு வேலையைச் செய்துவிட்டு, போதும் என்று அவரே முடிவெடுத்திருக்கிறார், ஒருவேளை நிம்மதியாகக்கூட இருக்கலாம். அவர் சொன்ன காரணத்தை அப்படியே நம்புங்கள். உங்கள் கோபத்துக்கு ஒரு வில்லன் தேவைப்படுகிறது, அதற்காகத் தள்ளுபடிக்கு வருகிறவர்களைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். பாவம், அவர்கள் வாங்கினால்தான் அவர் கடையைக் காலி செய்து சாவியைக் கொடுக்க முடியும்.

அள்ளி வாங்குவதை இப்போதைக்கு நிறுத்திக்கொள்ளுங்கள். கடையைக் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குத் தூக்கி வந்துவிடலாம் என்று மனது கணக்குப் போடுகிறது, அது நடக்காது, கூடம்தான் நிறையும். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, முதல் வேலையாக அவற்றை நிமிர்த்தி வையுங்கள், படுக்க வைத்து அடுக்கினால் அடியில் இருப்பது பாரத்தில் கெட்டுவிடும். (இது உளவியல் இல்லை, எனக்கும் ஒரு காலத்தில் டர்ன்டேபிள் பித்து உண்டு.) கேட்கவே மாட்டேன் என்று தெரிந்தவற்றை, கேட்கக்கூடியவர்களைத் தேடிக் கொடுத்துவிடுங்கள். அவரும் உங்களுக்கு அதைத்தானே செய்துகொண்டிருந்தார்.

ரெக்கார்டு போட முடியவில்லை என்றால் போடாதீர்கள். துக்கம் ஒரு நேர்க்கோட்டில் ஆறுவதில்லை. மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷுட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-ல் சொன்னபடி, மனது இழப்பின் பக்கமும் அன்றாட வாழ்க்கையின் பக்கமும் மாறி மாறிப் போய் வருகிறது, அந்தப் போக்குவரத்துதான் ஆறும் விதம். ஒரு நாள் அட்டையைப் பார்த்ததுமே அழுகை வரும், மறுநாள் சமைக்கும்போது யோசிக்காமலேயே ஒன்றைப் போட்டுவிடுவீர்கள், போட்டதற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம். தூக்கம், பசி, வேலை இதெல்லாம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக எல்லா நாளும் அப்படியே போனால் மட்டும் நேரில் ஒரு மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள். அப்போது கடையோடு சேர்த்து வேறு ஏதோ ஒன்றும் உள்ளே இருக்கக்கூடும், அதைக் கடிதத்தில் பேசித் தீர்க்க முடியாது.

கடைசி நாளைப் பற்றிக் கேட்டீர்கள். அன்று போவதும் போகாததும் உங்கள் விருப்பம், ஆனால் விடைபெறுவதை அன்றைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். அன்று கூட்டமாக இருக்கும், அவர் பத்துப் பேரிடம் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருப்பார், நீங்கள் ஒரு நன்றி சொல்லிவிட்டு நகர வேண்டியிருக்கும். அதற்கு முன்பே, கடை வெறிச்சோடிக் கிடக்கும் ஒரு வேலை நாள் மத்தியானம் போங்கள். பொதுவாக நன்றி சொல்லாமல் ஒரே ஒரு ரெக்கார்டின் பெயரைச் சொல்லுங்கள். "அண்ணே, அன்னிக்கு இதை வேண்டாம்னு திருப்பிக் கொடுத்தேன், நீங்க மறுபடி கேட்கச் சொன்னீங்க, இன்னிக்கு வரைக்கும் இதைத்தான் அதிகமாப் போடுறேன்" என்கிற மாதிரி. ஒரு கடைக்காரருக்கு அதைவிடப் பெரிய நன்றி இருக்க முடியாது என்று நினைக்கிறேன். அப்புறம் அவரைக் கொஞ்சம் கேளுங்கள். அவர் என்ன கேட்பார், எந்தப் பெட்டியை விற்காமல் வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிறார் என்று. அவருக்கு உங்கள் ரசனை தெரியும் என்று எழுதினீர்கள், அவர் ரசனையைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. கண்ணீர் வந்தால் வரட்டும், ஆனால் அவரைத் தேற்றுகிறவராக ஆக்கிவிடாதீர்கள்.

அங்கே அடிக்கடி பார்க்கும் முகங்கள் இரண்டு மூன்று இருக்குமே, பெட்டியைப் புரட்டும்போது பக்கத்தில் நின்று "அதை எடுக்கலையே?" என்று கேட்கிறவர்கள். அவர்கள் போன் நம்பரைக் கடை இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். மாதக் கடைசிக்குப் பிறகு அவர்களை எங்கே போய்த் தேடுவீர்கள்? கூச்சமாக இருக்கும், பரவாயில்லை, அவர்களுக்கும் அப்படித்தான் இருக்கும். உங்கள் தங்கைக்குப் புரியாதது இவர்களுக்குச் சொல்லாமலே புரியும்.

அந்த இன்னொரு கடை. துரோகமெல்லாம் இல்லை. உடனே ஓட வேண்டாம், இப்போது போனால் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவரைப் பாவம் ஒப்பிட்டே கொன்றுவிடுவீர்கள். ஆனால் இனிமேல் ரெக்கார்டு வாங்க எங்கே போகலாம் என்று அண்ணனிடமே கேட்டுவிடுங்கள். மற்ற ரெக்கார்டு கடைகளைப் பற்றி எந்த ரெக்கார்டு கடைக்காரருக்கும் அழுத்தமான அபிப்பிராயம் இருக்கும், யார் தரத்தைக் கூட்டிச் சொல்லி விற்பார், யார் கீறலை மறைப்பார் என்பது வரைக்கும். யோசனையோடு கொஞ்சம் வம்பும் கிடைக்கும், குறித்துக்கொண்டு வாருங்கள்.